இரவல் இசையும் உரிமைக் குரலும்

ஒரு நாட்டிலே தோன்றிய கலை வேறொரு நாட்டிலே குடிபுகும்போது அதற்கு மூன்று வகையான வாழ்வு வாய்க்கக்கூடும். சில காலம் வேடிக்கைப் பொருளாக இருந்து மறைந்து போகலாம். மூலத்தைப் பார்த்து அப்படியே செய்து காட்டுவோரின் கையிலே நகலாக நிலைத்துவிடலாம். அல்லது, புகுந்த இடத்து மண்ணின் மணத்தையும் பேச்சையும் தனதாக்கிக்கொண்டு, பிறந்த வீட்டாரே வியக்கும்படி புதிய சந்ததியைப் பெற்று வளரலாம். அமெரிக்காவிலே பிறந்த ஜாஸ் இசை பிரித்தானியாவிலே இந்த மூன்று நிலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டது. இரவலாக வந்த இசை எவ்வாறு உரிமை இசையாயிற்று, அதற்கு யார் யார் விலை கொடுத்தனர், அதிலிருந்து கிளைத்த முற்போக்கு இசை வகைகள் யாவை என்பனவற்றை இந்தப் பேச்சிலே நோக்குவோம்.

முதலில் ஜாஸ் இசையைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, நியூ ஓர்லியன்ஸ் என்ற துறைமுக நகரத்தைச் சார்ந்து உருவாக்கிய இசை இது. இதன் உயிர், எழுதி வைத்த பாட்டிலே இல்லை. அந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு கலைஞன் அந்த நேரத்திலே செய்யும் கற்பனையிலேதான் இருக்கிறது. வித்துவான் ஒருவர் கீர்த்தனையின் ஓரடியை எடுத்து நிரவல் செய்வதையும், பின்னர் கற்பனைச் சுரம் பாடுவதையும் கேட்டுப் பழகிய நேயர்களுக்கு இதனை விளக்குதல் கடினமன்று. நம்முடைய வித்துவான் ஓர் இராகத்தின் எல்லைக்குள் நின்று கற்பனை செய்கிறார். ஜாஸ் கலைஞரோ பாட்டின் அடியிலே வரிசையாக மாறிக்கொண்டு செல்லும் சுரக்கூட்டுகளின்மீது நின்று கற்பனை செய்கிறார். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னர்ச் சொல்லப்போகும் செய்திகள் எளிதில் விளங்கும்.

முதலாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1919இலே, ஜாஸ் இலண்டனுக்கு வந்தது. ஒரிஜினல் டிக்சிலாண்ட் ஜாஸ் பாண்ட் என்ற வெள்ளையர் குழு ஒன்று வந்தது. அதே ஆண்டிலே கறுப்பினக் கலைஞர்களைக் கொண்ட சதர்ன் சின்கோபேட்டட் ஓர்கெஸ்ட்ரா என்ற பெரிய குழுவும் வந்தது. அக்குழுவிலே கிளாரினெட் வாசித்த சிட்னி பெஷே என்ற இளைஞரைக் கேட்ட சுவிட்சர்லாந்து இசை நெறியாளர் ஏர்னெஸ்ட் அன்செர்மே, அவரை மேதை என்று எழுதினார். ஜாஸ் கலைஞர் ஒருவரைச் செவ்வியல் இசையறிஞர் ஒருவர் இவ்வாறு மதித்து எழுதியது அதுவே முதன்முறை எனலாம். ஆயினும் இலண்டன் மக்களிற் பெரும்பாலாருக்கு ஜாஸ் அப்பொழுது ஒரு வேடிக்கை. நடனமாடுவதற்கு ஏற்ற ஆரவாரம். 1932இல் லூயி ஆம்ஸ்ட்ரோங்கும் 1933இல் டியூக் எலிங்டனும் இலண்டன் பலேடியம் அரங்கிலே வாசித்த பின்னரே, இது வெறும் ஆரவாரமன்று, ஆழமான கலை என்பதை இளைஞர் சிலர் உணர்ந்தனர்.

அவர்கள் உணரத் தொடங்கிய வேளையிலே கதவு அடைபட்டது. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பிரித்தானியக் கலைஞர்களுக்கு இடங்கொடுக்க மறுத்தது. பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கம் பதிலுக்கு அரசாங்கத்தை நெருக்கியது. 1935ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்க வாத்தியக் குழுக்கள் பிரித்தானியாவுக்கு வந்து வாசிப்பதற்குத் தொழில் அமைச்சு அனுமதி வழங்கவில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள், 1956இலே இரு நாட்டுச் சங்கங்களும் குழுவுக்குக் குழு என்ற பரிமாற்ற முறைக்கு இணங்கும்வரை, இத்தடை நீடித்தது. 1949இலே ஹம்ப்ரி லிட்டில்டன் என்ற ட்ரம்பெட் வித்துவானின் குழுவோடு சிட்னி பெஷே இலண்டன் மேடையொன்றிலே வாசித்தார். அனுமதியின்றி அவரை வரவழைத்த குற்றத்துக்காக அந்நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர்கள் தண்டப்பணம் செலுத்த நேர்ந்தது. ஒரு மனிதன் மேடையிலே வாத்தியம் ஊதியதற்காக நீதிமன்றம் கூடிய காலம் அது.

இந்தத் தடையின் விளைவை எண்ணிப் பாருங்கள். குருவின் முகத்தைக் காணாமல், அவர் மூச்சு விடும் இடத்தை அறியாமல், இசைத்தட்டின் கீறல் ஒலிக்கு நடுவிலே கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை ஜாஸ் பயின்றது. மூன்று நிமிடத் தட்டிலே அடங்கிய இசையே அவர்களுக்குப் பாடநூல். ஆகவே அவர்கள் நகல் செய்தனர். மிகத் திறமையாகவே நகல் செய்தனர். எனினும், இலண்டனிலே இருந்த மேற்கிந்தியக் கலைஞர்களை இத்தடை பாதிக்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். அவர்கள் பிரித்தானியப் பேரரசின் பிரசைகள். பிரித்தானிய கயானாவிலிருந்து வந்த கென் ஜோன்சன் மேற்கிந்தியர்களைக் கொண்டு அமைத்த குழு, போர்க்காலத்தில் இலண்டனின் சிறந்த குழுக்களுள் ஒன்றாக விளங்கியது. 1941ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆம் நாள் இரவு, கபே டி பரீ என்ற விடுதியிலே வாசித்துக்கொண்டிருந்தபோது செர்மானியக் குண்டு விழுந்து அவர் இறந்தார்.

போருக்குப் பின்னர் பிரித்தானிய ஜாஸ் இரண்டு முகாம்களாகப் பிரிந்தது. ஒரு சாரார் பழமையை நாடினர். நியூ ஓர்லியன்சின் பழைய இசையே தூயது என்பது இவர்களுடைய கொள்கை. இவர்களுள் கென் கொலியர் என்பவர் வணிகக் கப்பலிலே வேலைக்குச் சேர்ந்து, அமெரிக்கத் துறைமுகத்திலே இறங்கி, நியூ ஓர்லியன்சை அடைந்து, அங்கே முதிய கலைஞர்களோடு அமர்ந்து வாசித்தார். அனுமதிக் காலம் கடந்தும் தங்கியதால் 1953இலே சிறையிலும் இருந்தார். மற்றச் சாரார் புதுமையை நாடினர். நியூ யோர்க்கிலே சார்லி பாக்கர் முதலியோர் படைத்த சிக்கலான, வேகமான இசையே இவர்களைக் கவர்ந்தது. அட்லாந்திக் கடலைக் கடக்கும் பெரிய பயணக் கப்பல்களிலே நடனக் குழுவிற்கு ஆள் வேண்டியிருந்தது. ரொனி ஸ்கொட், ஜோன் டாங்வேர்த் போன்ற இளைஞர்கள் அந்த வேலையை ஏற்று, கப்பல் நியூ யோர்க்கிலே தங்கும் நாள்களிலே இரவிரவாகச் சென்று தம் குருமாரைக் கேட்டனர். 1948இலே 10 கலைஞர்களும் ஒரு முகாமையாளரும் கூடி இலண்டனிலே ஒரு கிளப்பை நிறுவினர். 11 பேர் என்பதால் அதற்குக் கிளப் இலெவன் என்று பெயர். அதிலே பங்குகொண்ட ரொனி ஸ்கொட், 1959ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், சோஹோப் பகுதியின் ஜெரார்ட் வீதியிலே ஒரு நிலவறையில் தம் பெயரிலேயே ஒரு கிளப்பைத் தம் நண்பர் பீட் கிங்குடன் திறந்தார். 1965இல் பிரித் வீதிக்கு மாறிய அந்த நிறுவனம் இன்றும் நடைபெற்று வருகிறது.

பழமையை நாடியவர்களே எதிர்பாராத புதுமைக்கு வழிதிறந்தார்கள் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. கொலியரோடும் கிறிஸ் பாபரோடும் வாசித்த லொனி டொனகன் என்பவர், கச்சேரியின் இடைவேளையிலே கிற்றாரை மீட்டி அமெரிக்க நாட்டுப்பாடல்களைப் பாடுவது வழக்கம். 1954இலே பதிவான அத்தகைய பாடலொன்று 1956இலே பெரும் புகழடைந்தது. மலிவான கிற்றாரும், துணி தோய்க்கும் தகரப் பலகையும், தேயிலைப் பெட்டியிற் கட்டிய நரம்பும் இருந்தாற் போதும் என்ற நிலை ஏற்படவே, நாடெங்கும் சிறுவர்கள் குழு அமைத்தனர். லிவர்பூல் நகரிலே ஜோன் லெனன் அமைத்த அத்தகைய குழுவே பின்னர் பீட்டில்ஸ் ஆயிற்று. கிறிஸ் பாபர் 1958இலே மடி வோட்டர்ஸ் என்ற புளூஸ் பாடகரைப் பிரித்தானியாவுக்கு அழைத்து வந்தார். அதனாலே தூண்டப்பட்ட அலெக்சிஸ் கோனரும் சிரில் டேவிசும் 1962இலே ஈலிங் என்ற இடத்திலே புளூஸ் கிளப் ஒன்றைத் தொடங்கினர். அவர்களோடு டிரம் வாசித்த சார்லி வொட்ஸ் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவிற் சேர்ந்தார். ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் ஆகிய இருவரும் 1966இலே கிரீம் குழுவை அமைத்தனர். இவர்கள் மூவரும் ஜாஸ் பயின்றவர்கள்.

ஆனால் பிள்ளை வளர்ந்து தாயின் வீட்டை எடுத்துக்கொண்ட கதையாக அது முடிந்தது. இலண்டனின் மார்க்கீ கிளப் 1958இலே ஜாஸ் மன்றமாகத் தொடங்கியது. 1962 யூலை 12ஆம் நாள் ரோலிங் ஸ்டோன்ஸ் அங்கேதான் முதன்முதலாக மேடையேறியது. சில ஆண்டுகளிலே அது ரொக் இசையின் கோட்டையாயிற்று. 1961இலே ரிச்மண்டிலே தொடங்கிய தேசிய ஜாஸ் விழாவும் இவ்வாறே படிப்படியாக மாறி, 1971இலே ரெடிங் நகருக்குப் பெயர்ந்து, இன்று உலகறிந்த ரொக் விழாவாக நிற்கிறது. ஜாஸ் கலைஞர்கள் மேடையை இழந்தனர், கேட்போரை இழந்தனர், வருவாயை இழந்தனர்.

நேயர்களே, மேடையை இழந்த அந்த ஆண்டுகளிலேதான் பிரித்தானிய ஜாஸ் தன் சொந்தக் குரலைக் கண்டெடுத்தது. கூட்டத்தை மகிழ்விக்கும் கடமை நீங்கியபோது, அமெரிக்கரைப் போல வாசிக்க வேண்டும் என்ற கட்டாயமும் நீங்கியது போலும்.

இந்த மாற்றத்தின் முன்னோடி ஜோ ஹரியட். 1928இலே யமேக்காவில் பிறந்து, அங்குள்ள அல்பா என்ற அநாதைப் பள்ளியிலே இசை பயின்று, 1951இலே பிரித்தானியாவுக்கு வந்த சக்ஸபோன் கலைஞர் அவர். 1960இலே பதிவான 'பிரீ போம்' என்ற இசைத்தட்டிலே, முன்னர் நான் குறிப்பிட்ட சுரக்கூட்டுகளின் வரிசையையே அவர் கைவிட்டார். குழுவினர் ஒருவரையொருவர் உற்றுக் கேட்டு, உரையாடுவது போல இசையை வளர்த்தனர். அமெரிக்காவிலே ஓர்னெட் கோல்மன் அதே காலத்திலே அத்தகைய முயற்சியில் ஈடுபட்டிருந்தார். எனினும் ஹரியட்டின் வழி அவருடைய சொந்த வழி.

அடுத்து அவர் ஜோன் மேயருடன் இணைந்தார். மேயர் 1930இலே கல்கத்தாவிலே பிறந்தவர். தந்தையார் ஆங்கிலோ இந்தியர், தாயார் தமிழர். 1952இலே இலண்டன் வந்து, புகழ்பெற்ற செவ்வியல் வாத்தியக் குழுக்களிலே வயலின் வாசித்தவர். ஹரியட்டின் ஐவரும், சித்தார், தம்புரா, தபேலா, புல்லாங்குழல், வயலின் என்பவற்றைக் கொண்ட மேயரின் ஐவரும் சேர்ந்த குழுவை இரட்டை ஐவர் குழு என்றனர். 1966இலே இவர்களுடைய 'இந்தோ ஜாஸ் சூட்' வெளிவந்தது. இராகத்துக்குள்ளே நின்று கற்பனை செய்வதும், சுரக்கூட்டுகளின்மீது நின்று கற்பனை செய்வதும் ஒரே மேடையிலே சந்தித்தன. அந்தச் சந்திப்பு எல்லா இடத்திலும் இயல்பாக அமைந்தது என்று கூற முடியாது. மேயர் எழுதி வைத்த இசைக்கும் ஹரியட்டின் சுதந்திரத்துக்கும் இடையே இழுபறி கேட்கத்தான் செய்கிறது. ஆயினும் அந்த இழுபறியே அதன் சுவை. கல்கத்தாவும் யமேக்காவும் சந்திப்பதற்கு அன்று இலண்டனே இடமாயிற்று.

சொந்தக் குரலின் மற்றோர் எடுத்துக்காட்டு, வானொலி நேயர்களுக்குச் சிறப்பாக உவப்பளிக்கக் கூடியது. வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தோமஸ் எழுதிய 'அண்டர் மில்க் வுட்' என்ற வானொலி நாடகத்தை 1954இலே பி.பி.சி. ஒலிபரப்பியது. ஒரு சிற்றூரின் ஓரிரவையும் ஒரு பகலையும் குரல்களாலேயே தீட்டிய நாடகம் அது. அதிலே ஈடுபட்ட ஸ்டான் டிரேசி என்ற பியானோக் கலைஞர், 1965இலே அந்நாடகத்தைத் தழுவி ஜாஸ் தொடர் ஒன்றை இயற்றினார். பொபி வெலின்ஸ் என்ற ஸ்கொட்லாந்துக் கலைஞர் அதிலே சக்ஸபோன் வாசித்தார். அவருடைய மெல்லிய, தனிமை தோய்ந்த ஒலியிலே நியூ யோர்க்கின் அவசரம் இல்லை. மழையும் மங்கிய வானமும் கொண்ட ஒரு வடநாட்டுக் கடற்கரையின் அமைதி இருக்கிறது. இரவல் இசை உரிமை இசையானதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனி முற்போக்குக் கிளைகளுக்கு வருவோம். முற்போக்கு என்ற சொல் நம்மிடையே இலக்கியத்தோடும் சமூகக் கொள்கையோடும் சேர்ந்து வழங்குவது. இங்கே அதன் பொருள் வேறு. மூன்று நிமிடப் பாட்டு என்ற எல்லையை மீறி, நீண்ட அமைப்புகளையும், வழக்கத்துக்கு மாறான தாளங்களையும், பல்வேறு இசை மரபுகளையும் ரொக் இசையுள் கொண்டுவந்த போக்கையே முற்போக்கு ரொக் என்றனர். அதன் ஊற்றுக்களுள் ஒன்று பிரித்தானிய ஜாஸ்.

ரொனி ஸ்கொட் புதிய இடத்துக்குப் பெயர்ந்தபோது, ஜெரார்ட் வீதியின் பழைய நிலவறைக்குக் குத்தகைக் காலம் எஞ்சியிருந்தது. அதனை அவர் 1966 முதல் 1968 வரை இளங்கலைஞர்களின் கையிலே விட்டார். மைக் வெஸ்ட்புரூக், ஜோன் சேர்மன் முதலிய இளைஞர்கள் அங்கே வாசித்தனர். அவர்களோடு ஒரு புதிய கூட்டமும் வந்து சேர்ந்தது. தென்னாபிரிக்காவிலே வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேடையில் வாசிப்பதை நிறவெறிச் சட்டங்கள் நசுக்கியபோது, கிறிஸ் மக்கிரகர் என்ற வெள்ளையரும் டுடு புக்வானா, மொங்கேசி பேசா, ஜோனி டியானி, லூயி மொஹோலோ முதலிய கறுப்பரும் சேர்ந்த புளூ நோட்ஸ் குழு 1964இலே நாட்டைவிட்டு வெளியேறி, மறு ஆண்டு இலண்டனை அடைந்தது. இவர்களுடைய இசையிலே தேவாலயப் பாட்டின் உருக்கமும் நகர்ப்புறக் கூத்தின் துள்ளலும் கட்டற்ற கற்பனையும் ஒருங்கே இருந்தன. நிதானமாக வாசித்துப் பழகிய ஆங்கிலேய இளைஞருக்கு இது ஒரு புயல்.

அப்புயலிலே அகப்பட்டவர்களுள் ஒருவர் பிரிஸ்டல் நகரத்துப் பியானோக் கலைஞர் கீத் திப்பெட். அவர் 50 கலைஞர்களைத் திரட்டி சென்டிபீட் என்ற பெருங்குழுவை அமைத்தார். ஜாஸ் கலைஞரும், ரொக் கலைஞரும், செவ்வியல் வயலின் கலைஞரும், தென்னாபிரிக்கரும் அதிலே ஒருங்கே அமர்ந்தனர். 1971இலே வெளிவந்த அதன் இசைத்தட்டைத் தயாரித்தவர், முற்போக்கு ரொக்கின் முதன்மைக் குழுக்களுள் ஒன்றான கிங் கிரிம்சனின் தலைவர் ரொபேட் பிரிப். கிங் கிரிம்சனின் இசைத்தட்டுகள் மூன்றிலே திப்பெட் பியானோ வாசித்தார். ஆகவே ரொக் இரசிகர் பலர், தாம் அறியாமலேயே, ஜாஸ் கற்பனையைக் கேட்டுப் பழகினர். அதே காலத்திலே ஜோன் ஹைஸ்மன் என்ற டிரம் கலைஞரின் கொலோசியம் குழுவும், இயன் கார் 1969இலே அமைத்த நியூக்கிளியஸ் குழுவும் இரு இசைகளுக்கும் இடையிலே பாலமாக நின்றன. நியூக்கிளியஸ் 1970இலே சுவிட்சர்லாந்தின் மொந்திரோ விழாவிலே முதற்பரிசு பெற்று, அதன் பயனாக அமெரிக்காவின் நியூபோட் ஜாஸ் விழாவிலே வாசித்தது.

கான்டர்பரி நகரத்து நண்பர் கூட்டத்திலிருந்து 1966இலே தோன்றிய சொப்ட் மெஷின் என்ற குழுவையும் குறிப்பிட வேண்டும். பாட்டுக் குழுவாகத் தொடங்கிய இது, திப்பெட்டின் குழுவிலிருந்து எல்டன் டீன் என்ற சக்ஸபோன் கலைஞரைச் சேர்த்துக்கொண்டு, 1970இலே இசைத்தட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே உருப்படி நிரப்பும் நீண்ட படைப்புகளை வெளியிட்டது. அவ்வாண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள், இலண்டன் ரோயல் அல்பர்ட் மண்டபத்திலே நடைபெறும் புரோம்ஸ் என்ற செவ்வியல் இசை விழாவிலே வாசிக்கும் வாய்ப்பும் இதற்குக் கிடைத்தது. அன்றிரவு இக்குழுவின் டிரம் கலைஞர் ரொபேட் வையட் புகைபிடிக்க வெளியே சென்று திரும்பியபோது, தாம் உள்ளே வாசிக்க வேண்டியவர் என்று சொல்லியும், முறையான இசைதான் உள்ளே நடைபெறுகிறது என்று கூறி வாயிற்காவலர் மறித்தாராம். இக்கதையை வையட்டே பிற்காலத்திற் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். அரை நூற்றாண்டாக ஜாஸ் நின்ற வாயில் அதுவே அல்லவா!

1973 யூன் மாதத்திலே வையட் ஒரு மாடிச் சாளரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். கால்களின்றி டிரம் வாசிக்க இயலாது. அவர் பாடகராகவும் இயற்றுபவராகவும் மாறி 1974இலே வெளியிட்ட 'ரொக் பொட்டம்' இன்றும் போற்றப்படுகிறது. அதிலே ஒலிக்கும் ட்ரம்பெட், தென்னாபிரிக்காவிலிருந்து வந்த மொங்கேசி பேசாவுடையது. மறு ஆண்டு பேசா இலண்டனிலே தமது 30ஆவது வயதிலே காலமானார்.

இந்த மரபின் ஒரு கிளை நம்முடைய இல்லத்து முற்றத்தையும் தொட்டது. யோர்க்ஷயரிலே பிறந்த கிற்றார்க் கலைஞர் ஜோன் மக்லொக்ளின், 1969 தொடக்கத்திலே இலண்டனிலிருந்து நியூ யோர்க் சென்று, சில நாள்களுக்குள்ளேயே மைல்ஸ் டேவிசின் இசைப்பதிவிலே பங்குகொண்டார். ரொனி ஸ்கொட் கிளப்பிலே டேவிஸ் கேட்டு அழைத்த டேவ் ஹொலண்ட் என்ற ஆங்கிலேயர் அவருக்கு முன்னரே அங்கே சேர்ந்திருந்தார். கடன் வாங்கியவர் கடன் கொடுப்பவரான காலம் அது. மக்லொக்ளின் பின்னர்ச் சங்கீத வித்துவான் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். வயலின் கலைஞர் எல். சங்கர், கடம் வித்துவான் விநாயக்ராம், தபேலாக் கலைஞர் சாகிர் உசேன் ஆகியோரோடு சக்தி என்ற குழுவை அமைத்தார். 1975இலே பதிவான இவர்களுடைய முதல் இசைத்தட்டு மறு ஆண்டு வெளிவந்தது. சங்கர் யாழ்ப்பாணத்திலே வளர்ந்தவர். அவருடைய தந்தையார் வி. இலட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்திலே இசை கற்பித்தவர். 1958ஆம் ஆண்டுக் கலவரங்களின் பின்னர் அக்குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. யாழ்ப்பாணத்து வீடொன்றிலே தந்தை மைந்தருக்குச் சொல்லிக்கொடுத்த வயலின், உலக மேடையிலே ஆங்கிலேயக் கிற்றாரோடு சரிக்குச் சரியாக உரையாடியது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் பின்னர், புதிய உறுப்பினர்களோடு சக்தி வெளியிட்ட இசைத்தட்டு 2024இலே கிராமி விருது பெற்றது.

இனி, கணக்கின் மறு பக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும். இத்துணை வளம் சேர்த்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? ஜோ ஹரியட் 1973 சனவரியிலே, 44ஆவது வயதிலே, வறுமையிலும் நோயிலும் சவுதம்டன் நகரிலே இறந்தார். அவரது காலத்தின் இணையற்ற சக்ஸபோன் கலைஞரான டபி ஹேஸ் அதே ஆண்டிலே, 38 வயதிலே, இதய சத்திரசிகிச்சையின்போது மறைந்தார். அவர்களுடைய இசைத்தட்டுகள் சிறு தொகையாகவே விற்று, விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றுட் பல மறுபதிப்புப் பெற்றது இந்த நூற்றாண்டிலேதான். விதைத்தவர் உண்ணவில்லை, உண்டவர் விதைத்தவரை அறியவில்லை.

மரபு என்பது இசைத்தட்டுகளை மாத்திரம் நம்பியிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். அதனைக் காத்தது கற்பித்தல். 1980களின் நடுவிலே மேற்கிந்தியப் பெற்றோருக்குப் பிரித்தானியாவிலே பிறந்த இளைஞர்கள், கோட்னி பைன் முதலியோர், ஜாஸ் வொரியர்ஸ் என்ற குழுவை அமைத்தனர். அக்குழுவிலே இருந்த காரி குரொஸ்பி, ஜனீன் அயன்ஸ் என்ற அம்மையாருடன் சேர்ந்து 1991இலே டுமோரோஸ் வொரியர்ஸ், அதாவது நாளைய வீரர்கள், என்ற பயிற்சி நிறுவனத்தை நிறுவினார். கட்டணம் செலுத்த இயலாத பிள்ளைகளுக்கும், ஜாஸ் மேடையிலே அதிகம் இடம்பெறாத பெண்பிள்ளைகளுக்கும் அங்கே இலவசமாகக் கற்பிக்கப்பட்டது. இசைத்தட்டைக் கேட்டு ஒளிந்து பயின்ற தலைமுறைக்குக் கிடைக்காத ஒன்று, குருவின் எதிரே அமரும் பேறு, இவர்களுக்குக் கிடைத்தது. அங்கே பயின்றோர் சேர்ந்து அமைத்த எஸ்ரா கலெக்டிவ் என்ற குழு, 2023 செப்டெம்பரிலே பிரித்தானியாவின் மேர்க்குரி இசைப் பரிசைப் பெற்றது. 1992 முதல் வழங்கப்பட்டுவரும் அப்பரிசு ஒரு ஜாஸ் குழுவுக்குக் கிடைத்தது அதுவே முதன்முறை. அவர்களுடைய இசையிலே ஜாசுடன் ஆபிரிக்கத் தாளமும் யமேக்காவின் ரெகேயும் இலண்டன் தெருவின் ஓசையும் கலந்திருக்கின்றன. ஹரியட்டும் மேயரும் அன்று தனித்து நின்று செய்ததை, இவர்கள் அரங்கம் நிறைந்த மக்களின் முன்னே செய்கின்றனர்.

நேயர்களே, இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. கதவை அடைத்த 20 ஆண்டுகளிலே பிரித்தானிய ஜாஸ் நல்ல நகலாக இருந்தது. யமேக்காவிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் தென்னாபிரிக்காவிலிருந்தும் வந்தவர்களுக்கு அருகிலே ஓர் இருக்கை போடப்பட்டபோது, அது தன் குரலைப் பெற்றது. ஒரு நிலவறையின் எஞ்சிய குத்தகைக் காலத்தை இளைஞரிடம் விட்டது போன்ற சிறு செயல்கள், பெரிய விளைவைத் தந்தன. தூய்மையைக் காக்கிறோம் என்று ஒரு கலைக்கு மதில் எழுப்புவோரும், புதுமை செய்கிறோம் என்று விதைத்தவரை மறப்போரும் அந்தக் கலைக்கு ஒரே வகையான தீங்கையே செய்கின்றனர். கேட்டுப் பழகிய இசை எதுவாயினும், அது யார் யார் கைமாறி நம்மிடம் வந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது, அதனை நமக்குத் தந்துவிட்டுச் சென்றவர்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மிகக் குறைந்த கடன்.